வாய் பேசாதவற்றின் கணக்கு



கண்டிப் பகுதியிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதத்தை இம்மாதம் எடுத்துக்கொள்கிறேன். அவருடைய மகள் திருமணமாகி பிரித்தானியாவில் வாழ்கிறார். அவர் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு மண்டபத்தில், வசதி குறைந்த குடும்பங்கள் வளர்க்கும் பூனை, நாய், முயல் போன்ற பிராணிகளுக்கு வாரத்தில் ஒருநாள் இலவசமாக உணவு வழங்குகிறார்களாம். மகள் கணனி படித்தவர் என்பதால் பதிவு வைக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இதுவரை ஒரு கொப்பியில் எழுதி வந்ததை இனிக் கணனிக்கு மாற்ற வேண்டும்.

அந்தத் தாயிடம் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மனிதனே பசித்திருக்கும் காலத்தில் பூனைக்கும் நாய்க்கும் இப்படியொரு ஏற்பாடு தேவைதானா? அதற்கு ஓர் இடாப்பு எதற்கு? பிறருடைய வீட்டு விபரங்களைக் கேட்டுக் கேட்டு எழுதுவது மார்க்கத்தில் கூடுமா?

கடிதத்தின் கடைசிப் பந்தியில், மகள் தொலைபேசியில் சொன்ன ஒரு சம்பவத்தையும் எழுதியிருக்கிறார். வயது சென்ற ஒரு பெண் தன் பூனைக்காக வரிசையில் நின்றிருக்கிறார். மேசையிலிருந்த தொண்டர் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, “நீங்கள் போன வாரமும் வாங்கியிருக்கிறீர்களே!” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். போன வாரம் வாங்கியவர் அதே பெயருள்ள வேறொரு பெண். முதியவர் ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் போனார். அதன் பிறகு அவர் வரவேயில்லை.

சகோதரிகளே, இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் நாம் சிந்திக்க வேண்டும். கொப்பியில் பெயர் இருந்தது, திகதியும் இருந்தது. ஆனாலும் ஓர் ஏழையின் மானம் போனது, ஒரு வாயில்லா ஜீவனின் உணவும் நின்றது. எழுதி வைப்பது மட்டும் போதாது. எதை எழுதுவது, எப்படி எழுதுவது, எழுதியதை எப்படிப் பாதுகாப்பது என்பதெல்லாம் அமானத்துடன் சம்பந்தப்பட்ட விடயங்கள்.

பசிக்கும் மனிதனும் பசிக்கும் பிராணியும்

முதற் கேள்விக்கு வருவோம். மேலை நாடுகளில் இப்படியான உணவு வங்கிகள் பிராணிகள் மீதுள்ள பாசத்தினால் மாத்திரம் உண்டானவை அல்ல. அமெரிக்காவில் நடமாட முடியாத முதியவர்களின் வீடுகளுக்குச் சமைத்த உணவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ‘மீல்ஸ் ஒன் வீல்ஸ்’ என்ற சேவை இருக்கிறது. அதன் தொண்டர்கள் ஒரு விடயத்தைக் கவனித்தார்கள். தங்களுக்குக் கிடைத்த ஒரு வேளைச் சாப்பாட்டைத் தாங்கள் உண்ணாமல் பூனைக்கும் நாய்க்கும் பங்கு வைக்கும் முதியவர்கள் பலர் இருந்தார்கள். மனிதனுக்கென்று அனுப்பிய உணவு அந்த மனிதனின் வயிற்றுக்குப் போய்ச் சேரவில்லை. இதன் பிறகே அந்தச் சேவையின் பல கிளைகள் சாப்பாட்டுப் பெட்டியுடன் பிராணிக்கான உணவையும் சேர்த்துக் கொண்டுபோகத் தொடங்கின.

பிரித்தானியாவில் 1824இல் தொடங்கிய ஆர்.எஸ்.பி.சி.ஏ. என்ற பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கமும், 1897இல் தொடங்கிய புளூ குரொஸ் அமைப்பும் இவ்வாறான உணவு உதவியில் ஈடுபட்டு வருகின்றன. உணவு கொடுக்க முடியாமல் போனால் பலர் தம் பிராணியைத் தெருவில் விட்டுவிடுகிறார்கள், அல்லது காப்பகத்தில் ஒப்படைக்கிறார்கள். தனிமையில் வாழும் ஒரு முதியவருக்கு வீட்டிலுள்ள ஒரே துணை அந்தப் பூனையாக இருக்கலாம். ஆகவே பிராணிக்குக் கொடுப்பது மனிதனுக்குக் கொடுப்பதிலிருந்து பிடுங்கிய பங்கு அல்ல. பல வீடுகளில் இரண்டும் ஒரே தட்டு.

நமது மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகத்துக்குரியவளானாள் என்பதைப் புகாரி, முஸ்லிம் கிதாபுகளில் காண்கிறோம். தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதையும் அதே கிதாபுகளில் காண்கிறோம். முதலாவது பூனை, இரண்டாவது நாய். நாயைக் காரணமில்லாமல் வீட்டில் வளர்ப்பது நமக்கு விரும்பத்தக்கதல்ல என்பது வேறு மஸ்அலா. பசித்த நாய்க்கு உணவு கொடுப்பது நன்மை என்பதில் சந்தேகமில்லை.

பிராணியை வைத்திருப்பவர் மீது அதற்கு உணவும் தண்ணீரும் கொடுப்பது கடமை என்று நமது ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹு நூல்கள் கூறுகின்றன. மனைவி, பிள்ளைகளின் ஜீவனாம்சத்தைப் பற்றிப் பேசும் அதே பாடத்தில்தான் பிராணியின் ஜீவனாம்சமும் வருகிறது. கொடுக்க மறுத்தால், உணவளிக்கும்படி அல்லது விற்றுவிடும்படி ஆட்சியாளர் அவரைக் கட்டாயப்படுத்துவார். இயலாமையால் தடுமாறும் ஒருவருக்குக் கைகொடுப்பது அவருடைய கடமையை நிறைவேற்ற உதவுவதாகும்.

ஒன்றைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது ஸதகாவிலிருந்து செய்யவேண்டிய காரியம். ஸகாத் பணத்துக்கு உரியவர்கள் எட்டுக் கூட்டத்தினர் என்பதை ஸூரத்துத் தவ்பாவின் 60ஆம் வசனம் வரையறுத்துவிட்டது. அந்தப் பணத்தில் பிராணி உணவு வாங்கிப் பகிர முடியாது. ஸகாத் பெறத் தகுதியுள்ள ஏழையின் கையில் பணம் சேர்ந்த பின்னர், அவர் அதில் தன் பூனைக்கு மீன் வாங்கினால் அது அவருடைய உரிமை.

அந்த மகளின் கை சுத்தத்தைப் பற்றியும் தாய்க்குக் கவலை இருக்கலாம். மூடிய பொதிகளைத் தூக்குவதால் கை நஜீஸாகாது. நாயின் எச்சில் ஈரமாகப் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்து கழுவ வேண்டும். பூனையின் வாய் அசுத்தமல்ல, அது நம் வீட்டைச் சுற்றி வரும் ஜீவன்.

எழுதுங்கள் என்ற கட்டளை

அடுத்த கேள்வி, இதற்கு ஓர் இடாப்பு எதற்கு என்பது.

அல்குர்ஆனில் மிக நீளமான வசனம் எது என்று உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அது தொழுகையையோ நோன்பையோ பற்றியதல்ல. ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனமாகிய அது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறியதோ பெரியதோ எழுதுவதில் சலிப்படைய வேண்டாம், எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்க வேண்டாம், எழுதுபவருக்குத் தொல்லை கொடுக்க வேண்டாம் என்றெல்லாம் அதில் வருகிறது. அதே வசனத்தில் இன்னொரு விடயமும் உண்டு. வாசகத்தைச் சொல்லவேண்டியவர் அறிவிலோ வயதிலோ பலவீனராக இருந்து, தானே சொல்ல இயலாதவரானால், அவருடைய பொறுப்பாளர் நீதியாகச் சொல்லட்டும் என்று அல்லாஹு தஆலா பணிக்கிறான்.

இவ்வசனம் மனிதர்களின் கடனைப் பற்றியது, பிராணிகளைப் பற்றியதல்ல. ஆனால் அதிலிருந்து ஒரு படிப்பினை கிடைக்கிறது. வாய் பேச இயலாதவரின் உரிமைக்காக இன்னொருவர் நீதியாகப் பேச வேண்டும், அது எழுத்தில் இருக்க வேண்டும். மனிதனுக்குப் பங்கு குறைந்தால் அவன் பள்ளி நிர்வாகத்திடம் போய்ச் சண்டை பிடிப்பான். பூனைக்குப் பங்கு குறைந்தால் அது யாரிடம் போய்ச் சொல்லும்? பசியினாலும் வேலைப் பளுவினாலும் வாடிய ஓர் ஒட்டகம் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டதையும், அதன் சொந்தக்காரரை அழைத்து நபியவர்கள் கண்டித்ததையும் அபூதாவூத் கிதாபில் படிக்கிறோம். அந்த ஒட்டகத்தின் முறைப்பாட்டைக் கேட்க அல்லாஹ்வின் தூதர் இருந்தார்கள். இன்று அந்த முறைப்பாட்டைச் சொல்ல ஒழுங்கான கணக்கேடுதான் இருக்கிறது.

கணக்குச் சீர்கெட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு சான்று உண்டு. எகிப்தை 1260 முதல் 1277 வரை ஆண்ட மம்லூக் சுல்தான் அழ்ழாஹிர் பைபர்ஸ், கெய்ரோவில் தம் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தைப் பூனைகளின் உணவுக்காக வக்பு செய்தாராம். ‘பூனைத் தோட்டம்’ என்றே அதற்குப் பெயர் வந்தது. 1830களில் கெய்ரோவில் வாழ்ந்து எகிப்தியரின் பழக்கவழக்கங்களைப் பற்றி நூல் எழுதிய எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர், அந்த வக்புக்கு நேர்ந்த கதியையும் எழுதி வைத்திருக்கிறார். தோட்டம் பழுதாகிவிட்டது, சீர்செய்யச் செலவாகும் என்று காரணம் சொல்லிப் பொறுப்பாளர்கள் அதை விற்றார்கள். வாங்கியவர்கள் மீண்டும் விற்றார்கள். கடைசியில் பூனைகளுக்கென்று எஞ்சியது வருடத்துக்குப் பதினைந்து பியாஸ்தர் மட்டுமே. மீதிச் செலவெல்லாம் நகரத்துக் காழியின் தலையில் விழுந்தது.

ஒரு சுல்தானின் வக்பு சிறுகச் சிறுகக் கரைந்து போயிற்று. அதைத் தட்டிக்கேட்க உரிமைக்காரர் எவரும் வரவில்லை, ஏனெனில் உரிமைக்காரர் பூனைகள். எனவே, பெறுபவர் வாய் பேசாதவராக இருக்கும் இடத்தில் கணக்கு இரண்டு மடங்கு அவசியம்.

கணனிப் பதிவு எப்படி அமைய வேண்டும்?

இதற்கென்று பெரிய விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமென்பதில்லை. சிறிய இடத்துக்கு எக்செல் போன்ற அட்டவணை போதும். பல தொண்டர்கள் பல கணனிகளில் ஒரே நேரத்தில் பதிவதானால், அதற்கெனச் செய்யப்பட்ட மென்பொருள் நல்லது. எதுவானாலும் நான்கு ஏடுகள் வேண்டும். வீட்டுக்கு ஒன்று, பிராணிக்கு ஒன்று, களஞ்சியத்திலுள்ள பொருளுக்கு ஒன்று, கொடுத்த விபரத்துக்கு ஒன்று. இந்த நான்கையும் ஒன்றோடொன்று இணைப்பது இலக்கம். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதினால், ஒரு வீட்டின் விபரம் மாறும்போது பத்து இடங்களில் திருத்த வேண்டியிருக்கும். ஒன்பது இடத்தில் திருத்தி ஓர் இடத்தை மறந்துவிடுவோம்.

முதலாவது, வீட்டுக்குப் பெயரை அல்ல, இலக்கத்தை அடையாளமாக வையுங்கள். நமது பெயர்களையே பாருங்கள். பாத்திமா, முஹம்மத் ஆகிய பெயர்களை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! ஒரே ஆளுக்கு மூன்று பதிவுகள் உண்டாகலாம், மூன்று ஆட்கள் ஒரே பதிவில் கலந்தும் போகலாம். அந்த முதியவர் தலைகுனிந்து திரும்பிப் போனது இதனால்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம் எழுதிய சிறு அட்டை இருந்திருந்தால், பெயரை உச்சரிக்க வேண்டிய தேவையே வந்திராது.

இரண்டாவது, பிராணியின் இனம், வயது, ஏறக்குறைய எடை, வைத்தியர் சொன்ன விசேட உணவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். “பூனையானால் என்ன, நாயானால் என்ன, கையில் இருப்பதைக் கொடுப்போம்” என்று நினைக்க வேண்டாம். பூனைக்கு டோரின் என்ற சத்து உணவிலிருந்தே கிடைக்க வேண்டும். நாயின் உடல் அதைத் தானே உற்பத்தி செய்துகொள்வதால் நாய் உணவில் அது போதியளவு இருப்பதில்லை. நாய் உணவையே நீண்ட காலம் தின்னும் பூனைக்குக் கண்பார்வை போகலாம், இருதயம் பலவீனப்படலாம். சிறுநீரக நோயுள்ள பூனைக்கு வேறு உணவு தேவை. ஏட்டில் ஒரு சிறு கட்டத்தை நிரப்பாமல் விடுவதால் ஓர் உயிருக்குத் தீங்கு வந்துவிடும்.

மூன்றாவது, அளவை. ஒரு தொண்டர் ‘2’ என்று எழுதுவது இரண்டு பொதி, இன்னொருவர் ‘2’ என்று எழுதுவது இரண்டு கிலோ என்றால் மாத முடிவில் கணக்கு எங்கே நிற்கும்? எல்லாவற்றையும் கிலோவில் எழுதுங்கள். நான்கு கிலோ எடையுள்ள வளர்ந்த பூனை ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 கிராம் உலர் உணவு சாப்பிடும். மாதத்துக்கு இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடும். 30 கிலோ எடையுள்ள நாய்க்கு மாதத்துக்குப் பத்துக் கிலோ அளவில் தேவைப்படும். இந்தக் கணக்குத் தெரியாமல் வீட்டுக்கு ஒரு பொதி என்று சமமாகக் கொடுப்பது நீதியல்ல.

நான்காவது, களஞ்சிய ஏடு. வந்த பொதியின் தொகுதி இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் கட்டாயம் பதிய வேண்டும். 2007ஆம் ஆண்டு மார்ச்சில் வட அமெரிக்காவில் ஆறு கோடிக்கும் அதிகமான பூனை, நாய் உணவுப் பேணிகளையும் பக்கற்றுகளையும் ஒரு நிறுவனம் திரும்பப் பெற்றது. உணவில் சேர்த்த கோதுமைப் பசையில் மெலமைன் என்ற இரசாயனம் கலந்திருந்தது. அதை உண்ட பிராணிகளின் சிறுநீரகம் செயலிழந்தது. 2021ஆம் ஆண்டு பிரித்தானியாவில் இரத்த அணுக்கள் குறைந்துபோகும் அரிய நோயொன்றால் நூற்றுக்கணக்கான பூனைகள் இறந்தபோது, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சில வகை உலர் உணவுகளை முன்னெச்சரிக்கையாகத் திரும்பப் பெற்றார்கள்.

கடையில் வாங்கியவர் பொதியைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். இலவசமாகப் பெற்றவரோ, பெரிய பொதியிலிருந்து பிரித்துக் கட்டிய வெறும் பையைத்தான் வைத்திருப்பார். அவருக்கு யார் அறிவிப்பது? எந்தத் தொகுதிப் பொதி எந்த இலக்க வீட்டுக்குப் போனது என்று ஏட்டில் இருந்தால், அரை மணித்தியாலத்தில் எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்லிவிடலாம். பிரித்துக் கட்டும் ஒவ்வொரு பையிலும் அந்த இலக்கத்தையும் திகதியையும் ஒட்டிவிடுங்கள். உள்ளடக்கத்தையும் எழுதினால், பன்றிக் கொழுப்புச் சேர்ந்ததை வீட்டுக்குள் எடுக்க விரும்பாத நம் சகோதரிகளுக்கும் அது உதவும்.

ஐந்தாவது, மாதமொரு முறை களஞ்சியத்தைக் கையால் எண்ணுங்கள். முன்னிருப்பு, வந்தது, கொடுத்தது, பழுதானது என்று கணக்குப் பார்த்தால் கிடைக்கும் மீதியும் ராக்கையில் உள்ளதும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் குறைவை அப்படியே எழுதுங்கள். ஒத்துவரும்படி இலக்கத்தை மாற்றுவது பொய் சாட்சியாகிவிடும். பிழையாகப் பதிந்ததையும் அழிக்காமல், யார், எப்போது, ஏன் திருத்தினார் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். நன்கொடையாளர் ஸதகா என்று தந்ததையும் வேறு நோக்கத்துக்குத் தந்ததையும் தனித்தனித் தலைப்பில் வையுங்கள். வாரமொரு முறை பிரதி எடுத்து வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். கணனி பழுதான நாளில் கொடுப்பதை நிறுத்தாமல் கடதாசிச் சீட்டில் எழுதி மறுநாள் பதியுங்கள். ஏடு பசிக்காகத்தான், பசி ஏட்டுக்காக அல்ல.

நிபந்தனை ஒரு குழந்தையை அழவைத்த கதை

இந்த இடத்தில் உமர் (ரழி) அவர்களின் காலத்து நிகழ்ச்சியொன்றை நினைவூட்டுகிறேன். பைத்துல் மாலிலிருந்து கொடுப்பனவு பெறுவோரின் பெயர்களை ஒழுங்காக எழுதி வைக்கும் ‘தீவான்’ என்ற பதிவேட்டை ஏற்படுத்தியவர்கள் அவர்களே. பால்குடி மறந்த குழந்தைகளுக்கே கொடுப்பனவு என்று அதில் ஒரு விதி இருந்தது. ஓரிரவு ஊரைச் சுற்றி வரும்போது ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டார்கள். விசாரித்தபோது, கொடுப்பனவு கிடைக்க வேண்டுமென்பதற்காகத் தாய் குழந்தையை நேரகாலத்துடன் பால்குடி மறக்கச் செய்வதாகத் தெரியவந்தது. உமர் (ரழி) அவர்கள் கண்கலங்கினார்கள். பிறந்தவுடனேயே கொடுப்பனவு உண்டு என்று விதியை மாற்றி எங்கும் அறிவிக்கச் செய்தார்கள்.

பதிவேட்டிலிருந்த ஒரு கட்டம் ஒரு குழந்தையைப் பசியில் அழவைத்தது. இது உணவு வங்கிகளுக்கும் பொருந்தும். “விலாசம் எழுதாவிட்டால் மென்பொருள் அடுத்த பக்கத்துக்குப் போகாது” என்று அமைத்தால், வீடில்லாமல் தெருவில் நாயுடன் படுத்திருப்பவருக்கு உணவு இல்லை. “கருத்தடைச் சான்றிதழ் இல்லாவிட்டால் பதிய முடியாது” என்றால், வைத்தியருக்குப் பணமில்லாத ஏழையின் பூனைக்கு உணவு இல்லை. கருத்தடையின் அவசியத்தைச் சொல்லுங்கள், அதற்கான உதவியையும் காட்டுங்கள். அதற்காக உணவைப் பிடித்து வைக்க வேண்டாம். ஒவ்வொரு கட்டத்தையும் உண்டாக்கும்போது, இதனால் யாருடைய குழந்தை அழும் என்று உமர் (ரழி) அவர்களைப் போலக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எழுதக் கூடாதவை

மூன்றாவது கேள்விக்கும் இதில் பதில் உண்டு. பிறர் குறைகளைத் துருவித் தேடுவதை ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. தேவையானதைக் கேட்பது துருவுவதாகாது, தேவைக்கு மேல் கேட்பதே துருவுவது. ஒரு பூனைக்கு இரண்டு கிலோ உணவு கொடுக்க, அந்தப் பெண் விவாகரத்துப் பெற்றவரா, கணவர் எங்கே, என்ன நோய், எந்த நாட்டவர் என்றெல்லாம் அறிய என்ன தேவை இருக்கிறது? கட்டம் காலியாக இருக்கிறதே என்று கேட்க வேண்டாம். கட்டத்தையே நீக்கிவிடுங்கள்.

பிரித்தானியாவில் 2018ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதனோடு இணைந்த விதிகளும் இதையே கேட்கின்றன. தேவையானதை மட்டும் சேகரிக்க வேண்டும், சரியாக வைத்திருக்க வேண்டும், தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும், பிறர் கையில் போகாமல் காக்க வேண்டும். நமது நாட்டிலும் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அமானத்தைப் பேணுபவருக்கு இவை புதிய விடயங்கள் அல்ல. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி கொடுப்பவருக்கு அர்ஷின் நிழல் உண்டு என்று கற்ற சமூகம் நாம்.

ஆகவே ஒவ்வொரு தொண்டருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் இருக்கட்டும். பொதி எடுத்துக் கொடுப்பவருக்கு இலக்கமும் பிராணியின் விபரமும் தெரிந்தால் போதும், பெயரும் தொலைபேசி இலக்கமும் பொறுப்பானவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். திரையை வரிசையின் பக்கம் திருப்பி வைக்க வேண்டாம். வருடக்கணக்கில் வராதவரின் பெயரை அழித்துவிட்டு, கொடுத்த தொகையின் கணக்கை மட்டும் வைத்திருங்கள். பிராணி இறந்துவிட்டதாக ஒருவர் சொன்னால் உடனே அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு தொண்டர், “பூனை எப்படி இருக்கிறது?” என்று சிரித்த முகத்துடன் கேட்டு அவரை அழவைப்பார்.

நம் வீட்டு வாசலில்

சகோதரிகளே, இது பிரித்தானியாவில் நடக்கும் விடயம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நமது மஹல்லாக்களில் ரமழான் வந்தால் உலருணவுப் பொதி பகிர்கிறோம். வெள்ளம் வந்தால் பகிர்கிறோம். 2022இல் நாடே வரிசையில் நின்ற காலத்திலும் பகிர்ந்தோம். பெரும்பாலும் பட்டியல் எழுதுவது பெண்களாகிய நீங்கள்தான், ஏனெனில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் பட்டியலை எப்படி வைத்திருக்கிறோம்? வட்ஸ்அப் குழுவில் போட்டு இருநூறு பேர் பார்க்க விடுகிறோமா? பொதி வாங்கும் விதவையின் கையையும் முகத்தையும் படமெடுத்துப் பேஸ்புக்கில் ஏற்றி, நன்கொடையாளருக்கு அதுவே கணக்கு என்கிறோமா? படம் கணக்காகாது. எத்தனை பொதி வந்தது, எத்தனை போனது, எத்தனை மீதி என்பதுதான் கணக்கு. அதைத் தொகையாகப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் போடலாம். பெயரை அல்லாஹ் அறிவான், பொறுப்பானவர்கள் இருவர் அறிவார்கள். அது போதும்.

உங்கள் ஊர்ப் பட்டியலைக் கணனியில் பதியும் மகளோ மருமகளோ இருந்தால் அவருக்கு இந்தப் பக்கத்தை வாசிக்கக் கொடுங்கள். வீட்டுக்கு இலக்கம், பொருளுக்குத் திகதி, திருத்தத்துக்குக் கையொப்பம், விபரத்துக்குப் பூட்டு என்ற நான்கையும் இந்த ரமழானுக்கு முன்பே ஒழுங்குபடுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். முற்றத்தில் திரியும் பூனைக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வைப்பதையும் மறந்துவிட வேண்டாம். அதை எந்த ஏட்டிலும் பதியத் தேவையில்லை. நம் இரு தோள்களிலும் எழுதுபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எதையும் தவறவிடுவதில்லை.

வல்ல அல்லாஹ் நமது கொடைகளை ஏற்றுக்கொள்வானாக. நமது கையில் ஒப்படைக்கப்பட்ட அமானத்துகளைப் பேணவும், பிறர் மானத்தை மறைத்துக் காக்கவும் நமக்குத் தௌபீக் செய்வானாக. ஆமீன்.